பாவா வழியும் மாமா வழியும்

பெல்மதுளைச் சந்தியில் மூன்று பாதைகள் பிரிகின்றன. ஒன்று இரத்தினபுரிக்கு, ஒன்று பலாங்கொடைக்கு, மற்றது காவத்தை வழியாக எம்பிலிப்பிட்டியவுக்கு. நான்காவது பாதை கண்ணுக்கு மட்டுமே உரியது. தை, மாசி மாதங்களில் விடியற்காலையில் தேயிலை மலையின் மேட்டுக்கு ஏறி வடக்கே பார்த்தால், நீலத் தொடர்களுக்கு மேலே ஒரு கூர்முனை தெரியும். தோட்டத்துப் பிள்ளைகள் அதைச் சிவனொளிபாத மலை என்பார்கள். சிங்களப் பிள்ளைகளுக்கு அது ஸ்ரீபாத, அல்லது சமனல கந்த. என் உம்மும்மா அதைப் 'பாவாத மலை' என்றுதான் சொல்லுவார். பாவா ஆதம் மலை என்பது வாயில் தேய்ந்து பாவாத மலையாகிவிட்டது என்பது எனக்கு வெகு காலம் தெரியாது. ஏதோ பாவம் சம்பந்தப்பட்ட மலை என்றே சிறு வயதில் நினைத்திருந்தேன்.

கடந்த ஆண்டு எங்கள் பாடசாலை வரலாற்றுச் சங்கத்துப் பிள்ளைகளை அந்த மலைக்கு அழைத்துச் செல்லத் தீர்மானித்தேன். அறிவித்தல் போன மறுநாளே ஒரு தகப்பன் வந்தார். இரத்தினக்கல் அகழ்வுக் குழியில் வேலை செய்பவர், மரியாதையான மனிதர்.

"சேர், கோவிச்சுக்க வாணாம். மகனை அங்க அனுப்ப ஏலாது. அது அவங்க கும்பிடுற இடம். நாங்க போய் என்ன செய்ற? போனா ஈமானுக்கும் சரியில்ல. இந்தக் காலத்துல பாதுகாப்புக்கும் சரியில்ல."

அவர் சொன்ன இரண்டு காரணங்களும் அற்பமானவை அல்ல. முதலாவதற்கு நான் பத்வா சொல்ல முடியாது. நான் மௌலவி அல்ல, ஆசிரியர் கலாசாலையில் பயின்று வந்த வரலாற்று வாத்தியார். இரண்டாவது காரணத்தை நானே அனுபவித்தவன். 2019 ஏப்ரலுக்குப் பிறகு, முதுகில் பையைப் போட்டுக்கொண்டு ஒரு மலைப்பாதையில் நடக்க எனக்கே தைரியம் வரவில்லை. ஆனால் "நாங்க போய் என்ன செய்ற?" என்ற கேள்விக்கு மட்டும் ஒரு வரலாற்று வாத்தியார் பதில் சொல்லியாக வேண்டும். இக்கட்டுரை அந்தப் பதில்தான்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக் கொள்வது நல்லது. ஆதம் (அலை) அவர்கள் பூமியில் இறங்கிய இடம் எது என்று குர்ஆன் பெயர் குறிப்பிடவில்லை. இறங்குங்கள் என்ற கட்டளை உண்டு, இடத்தின் பெயர் இல்லை. சரந்தீப் என்பது பிற்கால விரிவுரையாளரும் வரலாற்றாசிரியரும் பதிந்த அறிவிப்புகளில் வருவது. அந்த அறிவிப்புகளும் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. எனவே இம்மலையை நம்பிக்கையின் பகுதியாக எவரும் ஏற்றே ஆக வேண்டும் என்பதில்லை. நான் பேசுவது நம்பிக்கையைப் பற்றியல்ல. அந்த அறிவிப்புகளைக் கேட்டுவிட்டுக் கடல் கடந்து வந்த மனிதர்களைப் பற்றி.

கி.பி. 851 இல், அதாவது ஹிஜ்ரி 237 இல், சீனாவையும் இந்தியாவையும் பற்றிய ஓர் அரபு நூல் தொகுக்கப்பட்டது. சுலைமான் என்ற வணிகரின் பெயரோடு அது வழங்குகிறது. சரந்தீபில் அல்-ராஹூன் என்றொரு மலை உண்டு, அதில்தான் ஆதம் இறங்கினார், உச்சிப் பாறையில் அவரது ஒற்றைப் பாதம் பதிந்திருக்கிறது, மற்றப் பாதத்தைக் கடலில் வைத்தார் என்று அந்நூல் சொல்கிறது. பாதத்தின் நீளம் சுமார் எழுபது முழமாம். அதே மூச்சில், மலையைச் சுற்றி மாணிக்கங்கள் கிடைப்பதையும் சொல்லிவிடுகிறது. கப்பலில் வந்த வணிகர்கள் காதால் கேட்டதைச் சொல்லும் நூல் அது.

1344 இல் வந்த இப்னு பதூதா வேறு வகையான சாட்சி. அவர் மலையில் ஏறியவர். அவர் கணக்கில் பாதம் பதினொரு சாண். 1817 இல் இரத்தினபுரிப் பக்கமிருந்து ஏறிய ஆங்கிலேய வைத்தியர் ஜோன் டேவி அளவுகோலை வைத்து அளந்தார். ஐந்தேகால் அடிக்குச் சற்று மேல் என்று எழுதினார்.

இந்த மூன்று அளவுகளையும் நான் வகுப்பில் வெண்கட்டியால் தரையில் கீறிக் காட்டுவதுண்டு. எழுபது முழம் வகுப்பறைக் கதவைத் தாண்டி, விறாந்தையைத் தாண்டி, மைதானத்துக்குப் போய்விடும். பதினொரு சாண் கரும்பலகைக்கு முன்னால் அடங்கிவிடும். டேவியின் அளவுக்குள் ஒரு மாணவன் சுருண்டு படுத்துக்கொள்வான். சாட்சி நெருங்க நெருங்கப் பாதம் சிறுக்கிறது. வரலாற்று மூலங்களை வாசிப்பது எப்படி என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குக் கிடைத்ததில்லை.

இப்னு பதூதாவின் பயணம் நம் வாசகர்கள் பலரும் அறிந்ததுதான். ஆயினும் அதை மலையடிவாரத்தில் இருந்து வாசிக்கும்போது வேறு சில விஷயங்கள் கண்ணில் படுகின்றன. அவர் மாலைதீவிலிருந்து மஃபருக்குப் புறப்பட்டவர். காற்று அவரை இங்கே கொண்டு வந்தது. கடலிலிருந்தே மலை புகைத்தூண் போலத் தெரிந்ததாகச் சொல்கிறார். புத்தளத்தில் இறங்கியபோது அங்கே அதிகாரம் செலுத்தியவர் ஆரியச் சக்கரவர்த்தி, தமிழ் மன்னர். அவருக்குப் பாரசீகம் விளங்கியது. என்ன வேண்டும் என்று மன்னர் கேட்டபோது, ஆதமின் பாதத்தைத் தரிசிப்பது தவிர இத்தீவில் தனக்கு வேறு ஆசை இல்லை என்றார் பதூதா. மன்னர் பல்லக்குக் கொடுத்தார். ஆண்டுதோறும் மலைக்குச் சென்று பழகிய யோகிகள் நால்வர், பிராமணர் மூவர், தம்முடைய ஆட்கள் பத்துப் பேர், உணவு சுமக்கப் பதினைந்து பேர் என்று கூடவே அனுப்பியும் வைத்தார்.

இந்தப் பட்டியலை ஒரு தரம் நின்று பார்க்க வேண்டும். மொரோக்கோவின் தஞ்ஜா நகரத்துக் காழி ஒருவர். அவருக்கு வழிகாட்டுவோர் யோகிகள். செலவு தமிழ் மன்னருடையது. போகும் பாதை சிங்கள மன்னரின் நாட்டினூடாக. நான்கு தரப்பாரும் ஒரே பாதத்தை நோக்கி நடந்தார்கள், ஆனால் அது யாருடைய பாதம் என்பதில் ஒத்த கருத்து அவர்களுக்கு இருந்திருக்க நியாயமில்லை.

வழியில் காட்டு அட்டை. ஈரமான இடங்களில் மரத்திலும் புல்லிலும் இருந்து மனிதர் மேல் தாவும் என்றும், இங்குள்ளோர் தேசிக்காயைத் தயாராக வைத்திருந்து அதன்மேல் பிழிய அட்டை விழுந்துவிடும் என்றும் பதூதா எழுதுகிறார். பலாபத்தல வழியாக ஏறும் எவருடைய பையைச் சோதித்தாலும் இன்றும் தேசிக்காயோ சவர்க்காரமோ உப்போ இருக்கும். ஏறக்குறைய 680 ஆண்டுகளாக மாறாத வைத்தியம் இது. அந்த மனிதர் இந்த மழைக்காட்டில் உண்மையாகவே நடந்தவர் என்பதற்கு எனக்கு இந்த அட்டை ஒன்றே போதும்.

மலைக்கு இரண்டு வழிகள் உண்டு, ஒன்று பாபா வழி, மற்றது மாமா வழி என்கிறார். இதை வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் சிரிப்பார்கள். "சேர், யார்ட மாமா?" என்று ஒருவன் எழும்பிக் கேட்டிருக்கிறான். பாபா என்பது ஆதம் (அலை), மாமா என்பது ஹவ்வா (அலை) என்று பதூதாவே விளக்குகிறார். மாமா வழி இலகுவானது. அதில் ஏறியவர் தரிசனம் செய்தவராகக் கணிக்கப்படமாட்டார். பாபா வழி கரடுமுரடானது. பதூதா பாபா வழியில் ஏறி, மாமா வழியில் இறங்கினார். அவர் செவியில் விழுந்த அந்தப் 'பாபா'வும் என் உம்மும்மாவின் 'பாவா'வும் ஒரே சொல்லின் இரு உச்சரிப்புகள் என்று நிரூபிக்க என்னிடம் ஆவணம் இல்லை. ஆனால் அந்த இரண்டுக்கும் இடையில் எங்கள் வீட்டு அடுப்படிகள் இருந்திருக்கின்றன என்று நினைக்கிறேன்.

பிறகு சங்கிலிகள். செங்குத்தான பாறையில் பத்துச் சங்கிலிகள் தொங்கின. பத்தாவதற்குப் பெயர் கலிமாச் சங்கிலி. அதைப் பிடித்தபடி கீழே பார்ப்பவன் விழுந்துவிடுவேனோ என்ற பயத்தில் கலிமாவை மொழிந்துவிடுவானாம். சுமார் அரை நூற்றாண்டுக்கு முன்னர் மார்க்கோ போலோவும் இம்மலையின் சங்கிலிகளைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். ஏறிக்கொண்டிருந்தபோது மேகங்கள் தங்களுக்குக் கீழே கிடந்து அடிவாரத்தை மறைத்தன என்கிறார் பதூதா. வழக்கப்படி யாத்திரிகர்கள் கிழ்ர் (அலை) குகை என அழைக்கப்பட்ட இடத்தில் மூன்று நாள் தங்கி, காலையும் மாலையும் பாதத்தைத் தரிசித்தார்கள். பிறகு அவர் தேவிநுவர, காலி, கொழும்பு வழியாகப் புத்தளம் திரும்பினார். இலங்கை மன்னர் பரிசளித்த முத்துகளையும் மாணிக்கங்களையும் பின்னர் கடற்கொள்ளையர் பறித்துக்கொண்டார்கள். 1355 இல், பதினொரு வருடங்களுக்குப் பின்னர், பாஸ் நகரில் இப்னு ஜுஸை எழுத இவர் சொன்னார். நினைவிலிருந்து சொன்ன கதை அது. சில இடங்களில் தடுமாறியிருக்கலாம்.

நம்மவர்கள் பதூதாவை மேற்கோள் காட்டும்போது ஒரு பகுதியை மட்டும் எடுத்துக்கொள்வதைக் கவனித்திருக்கிறேன். இந்நாட்டு மக்கள் முஸ்லிம் பக்கீர்களை மதித்து, வீடுகளில் தங்கவைத்து, உணவளித்தார்கள் என்ற பகுதி அது. உண்மைதான், அப்படி எழுதியிருக்கிறார். சீராஸ் நகரத்து அபூ அப்துல்லாஹ் இப்னு கபீப் என்ற பெரியார்தான் இவ்வழியைத் திறந்தவர் என்றும், யானைகள் அவரை மட்டும் கொல்லாமல் ஊருக்குச் சுமந்து வந்ததைக் கண்டே மக்கள் மனம் மாறினார்கள் என்றும் ஒரு கதையையும் சொல்கிறார். அதற்கு முன்னர் பக்கீர்களை இங்கு போகவிடாமல் தடுத்தார்கள் என்பதையும் அவரே சொல்கிறார். இன்னொன்றையும் சொல்கிறார். குனகார் என்ற அரச நகருக்கு வெளியே சீராஸ் நகரத்து ஷெய்க் உஸ்மானின் பள்ளிவாசல் இருந்தது. பாதத்துக்குச் செல்வோருக்கு வழிகாட்டியாக இருந்தவர் அவர். மாடு அறுத்த குற்றத்துக்காக அவருடைய ஒரு கையும் ஒரு காலும் வெட்டப்பட்டன. சட்டப்படி மரணதண்டனை கிடைத்திருக்க வேண்டும், அவர்மேல் இருந்த மதிப்பினால் தண்டனை குறைக்கப்பட்டது, ஒரு கடைத்தெருவின் வருமானமும் அவருக்கு ஒதுக்கப்பட்டது.

இதை விட்டுவிட்டுச் சகவாழ்வு பற்றிப் பேசுவது பாதி உண்மை. இதை மட்டும் பிடித்துக்கொண்டு பகைமை பற்றிப் பேசுவதும் பாதி உண்மை. வெட்டிய அதே அரசு கடைத்தெரு வருமானத்தையும் கொடுத்தது. கால் இழந்த பிறகு அவருடைய பிள்ளைகளும் அடிமைகளும் வழிகாட்டும் வேலையைத் தொடர்ந்தார்கள். மனிதர்கள் அப்படித்தான் ஒரு பாதையில் ஒன்றாக இருந்திருக்கிறார்கள். சுலபமாக இருந்ததில்லை.

மலையின் மற்ற உரிமையாளர்களையும் சொல்ல வேண்டும். முதலாம் விஜயபாகு மன்னன் (1055–1110) ஏறுவோரின் பசிக்காகக் கிலிமலை என்ற ஊரைத் தானம் செய்தான். இரத்தினபுரியிலிருந்து பலாபத்தல போகும் பஸ் இன்றும் அந்த ஊரைத் தாண்டியே போகிறது. நிஸ்ஸங்கமல்லன் (1187–1196) மலையேறி வணங்கினான். சீதாவக்கை முதலாம் இராஜசிங்கன் காலத்தில் (1581–1593) மலை சைவ ஆண்டிகளிடம் கையளிக்கப்பட்டது என்றும், கண்டி மன்னன் கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் (1747–1782) அதை மீண்டும் பௌத்த பிக்குகளிடம் ஒப்படைத்தான் என்றும் சூளவம்சம் கூறுகிறது. போர்த்துக்கேயர் வந்தபோது அது புனித தோமாவின் பாதம் என்றும் ஒரு பேச்சு எழுந்தது. 2,243 மீற்றர் உயரத்தில் ஒரே பாறை, காலத்துக்குக் காலம் வேறு வேறு பெயர்.

இந்த வரிசையில் பெல்மதுளைக்கும் ஓர் இடம் உண்டு என்பதை நம்மில் பலர் கவனிப்பதில்லை. யாத்திரைக் காலம் உந்துவப் போயாவில் தொடங்கி வெசாக் போயாவில் முடியும். இடைப்பட்ட மழை மாதங்களில் சமன் தெய்வத்தின் திருவுருவமும் புனிதப் பொருட்களும் எங்கே இருக்கின்றன? பெல்மதுளை கல்பொத்தாவல ரஜமகா விகாரையில். மார்கழியில் பெரஹெரா இங்கிருந்துதான் மலைக்குப் புறப்படுகிறது. அரை வருடம் மலையின் தெய்வம் எங்கள் ஊர்வாசி. பெரஹெரா போகும் நாளில் கடைகளை அரைக்கதவு சாத்திவிட்டு வீதியோரம் நின்று பார்த்தது எனக்கு நினைவிருக்கிறது. அது எங்கே போகிறது என்று நானும் கேட்கவில்லை, யாரும் சொல்லவுமில்லை.

சுலைமானின் நூல் பாதத்தையும் மாணிக்கத்தையும் ஒன்றாகச் சொன்னது தற்செயல் அல்ல. மலைப்பாறைகள் காலகாலமாக அரிக்கப்பட்டு, அவற்றில் இருந்த கற்களை ஆறுகள் சுமந்துவந்து வயல்களுக்கு அடியில் சரளைப் படுக்கையாகச் சேர்த்தன. அகழ்வுக் குழியில் இறங்குவோர் அதை 'இல்லம்' என்பார்கள். பாதத்தைத் தேடி வந்தவரும் கல்லைத் தேடி வந்தவரும் ஒரே ஆற்றோரத்தைப் பிடித்தே உள்நாட்டுக்கு வந்திருக்க வேண்டும். பலர் இரண்டையும் தேடியிருப்பார்கள். கடற்கரை முஸ்லிம்கள் சபரகமுவை மலைக்குள் எப்படி வந்தார்கள் என்று கேட்பவர்களுக்கு இந்த இரட்டைப் பாதையையே நான் காட்டுவேன்.

இங்கே ஒரு கசப்பான விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். எங்கள் மாவட்டத்திலேயே, பலாங்கொடைக்கு அப்பால் கல்தோட்டைப் பாதையில், கூரகல மலைச்சரிவில் தப்தர் ஜெய்லானி இருக்கிறது. பாறை விளிம்பில் நின்றால் கீழே தாழ்நிலம் கடல்போல விரியும். முகியித்தீன் அப்துல் காதிர் ஜீலானி (ரஹ்) அவர்கள் பாவாத மலைக்கு வந்த வழியில் அங்கே தியானத்தில் இருந்தார்கள் என்பது நம் முன்னோரின் நம்பிக்கை. அதே இடத்தில் பழைய பிராமிக் கல்வெட்டுகளும் இருக்கின்றன. 2013 அளவில் அவ்விடம் நாடு தழுவிய சர்ச்சைப் பொருளானபோது, நம்மவர்கள் அந்த நம்பிக்கையை ஒரு காணி உறுதியைப்போல நீட்டினார்கள். எதிர்த்தரப்பும் இரண்டாயிரம் ஆண்டு உறுதியை நீட்டியது. 2022 இல் அரச வெசாக் விழா அங்கே நடந்தது.

1166 இல் மறைந்த ஜீலானி (ரஹ்) அவர்கள் இத்தீவுக்கு வந்ததற்குச் சமகாலச் சான்று எதையும் நான் வாசித்ததில்லை. போன ஊர்களில் எல்லாம் பெரியார்களின் அடக்கத்தலங்களைத் தேடிச் சென்ற பதூதா, வழியைத் திறந்தவராக இப்னு கபீபின் பெயரைச் சொல்கிறாரே தவிர, இங்கு ஜீலானியின் பெயரைச் சொல்லவில்லை. மௌனம் மறுப்பாகாது. ஆனால் மௌனத்தை ஆதாரமாகவும் காட்ட முடியாது. தலைமுறை தலைமுறையாக நம் மக்கள் அங்கே நடந்துபோய், அரிசி சுமந்துபோய், கந்தூரி ஆக்கி, கடன் தீர்த்து வந்தார்கள். அது எவரும் மறுக்க முடியாத வரலாறு. அதை எழுதி வைக்காமல், மறுக்கக்கூடிய ஒன்றைத் தூக்கிக்கொண்டு வழக்காடப் போனோம். நம் சொந்தப் பிழை இது.

1409 ஆம் ஆண்டுத் திகதியிட்ட காலி மும்மொழிக் கல்வெட்டை நண்பர்கள் கொழும்பு நூதனசாலையில் பார்த்திருப்பீர்கள். சீனத் தளபதி செங் ஹோ நிறுத்தியது. சீன மொழியில் புத்தருக்கும், தமிழில் தேவிநுவரத் தெய்வமான தென்னவரை நாயனாருக்கும், பாரசீகத்தில் அல்லாஹ்வுக்கும் காணிக்கை கூறுகிறது. பதூதா வந்துபோய் 65 வருடங்களுக்குப் பின்னர் இத்தீவு எப்படி இருந்தது என்பதற்கு அந்தக் கல் ஒன்றே சாட்சி. உறுதி எழுதியவர்கள் அல்ல, வந்துபோனவர்கள் விட்டுச்சென்ற சாட்சி.

இவ்வளவையும் அந்தத் தகப்பனிடம் நான் சொல்லவில்லை. தேசிக்காய்க் கதையையும் கலிமாச் சங்கிலியையும் மட்டும் சொன்னேன். பாதத்தைக் கும்பிடப் போகவில்லை, பாதையைப் படிக்கப் போகிறோம் என்றேன். அவர் யோசித்துவிட்டு, "அப்ப நானும் வாரன். மேல ஏற மாட்டேன். புள்ள கூட வாரன்" என்றார்.

மாசி மாதத்து வெள்ளிக்கிழமை மாலை பலாபத்தலையில் இருந்து ஏறத் தொடங்கினோம். பதினாறு பிள்ளைகள், மூன்று ஆசிரியர்கள், பக்கத்துச் சிங்களப் பாடசாலையின் ஆசிரிய நண்பர் ஒருவர், அந்தத் தகப்பன். தொடக்கத்திலேயே ஓர் இளைஞர் எங்கள் பிள்ளைகளின் முக்காட்டையும் பைகளையும் நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். சிங்கள நண்பர் அவரிடம் போய் ஏதோ பேசினார். என்ன பேசினார் என்று நான் கேட்கவில்லை. அதற்குப் பிறகு, எதிரே இறங்கி வந்த வயதானவர்கள் வழக்கம்போல "கருணாவாய்" என்றார்கள். பிள்ளைகள் முதலில் கூச்சப்பட்டார்கள். சீத கங்குல ஓடையில் முகம் கழுவிய பிறகு அவர்களும் திருப்பிச் சொல்லத் தொடங்கினார்கள்.

ஹெரமிட்டிபானையை அடைந்தபோது பஜ்ருக்கு இன்னும் நேரம் இருந்தது. அங்கே பிளேன்டி விற்ற அம்மாவிடம் தொழுவதற்கு இடம் கேட்டோம். விறகைத் தள்ளிவைத்து, ஒரு படங்கை விரித்துத் தந்தார். தகப்பன் இமாமாக நின்றார். தொழுகை முடிந்ததும் மகன் மேலே போகப் புறப்பட, அவர் ஒன்றும் சொல்லாமல் பின்னாலேயே ஏறினார். இப்போது அங்கே இருப்பவை இரும்புக் கைப்பிடிகள். ஆயினும் ஓரிடத்தில் கீழே எட்டிப் பார்த்துவிட்டு அவர் கலிமாவை முணுமுணுத்தது எனக்குக் கேட்டது. பிள்ளைகளுக்கும் கேட்டது. பத்தாவது சங்கிலி வந்துவிட்டது என்று ஒருத்தி சிரித்தாள்.

உச்சியில், பாதம் இருக்கும் மண்டபத்துக்குள் நாங்கள் போகவில்லை. மதிலோரத்தில் நின்றோம். சூரியன் எழும்பியதும் மேற்கே, மூடுபனிமேல், மலையின் நிழல் முக்கோணமாக விழுந்தது. எந்த மலையின் நிழலும் தூரத்தில் ஒரு புள்ளியை நோக்கிக் குறுகுவதாகவே கண்ணுக்குத் தெரியும் என்று விஞ்ஞான ஆசிரியர் விளக்கினார். நிழலுக்குக் கீழே எங்கோ பதூதாவின் பாதை, விஜயபாகுவின் கிலிமலை, இரத்தினபுரி எல்லாம் இருந்தன. தகப்பன் தெற்கே திரும்பிப் பெல்மதுளையைத் தேடிக்கொண்டிருந்தார்.

திரும்பி வந்தபின் பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுத்தேன். வீட்டிலுள்ள மூத்தவரிடம் அந்த மலைக்கு என்ன பெயர் என்று கேட்டு, சொன்னபடியே எழுதி வரவேண்டும். பாவாத மலை, பாவாமலை, ஆதமலை, சிவனடிபாதம் என்று பதினாறு கொப்பிகளில் பெயர்கள் வந்திருக்கின்றன. தம் வீட்டு மலைப் பெயரையும், மூத்தவர்கள் சொல்லும் பயணக் கதைகளையும் இச்சஞ்சிகை வாசகர்களும் எழுதிவைத்தால் நல்லது. மூத்தவர்கள் இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும். என் உம்மும்மாவிடம் நான் கேட்கவில்லை.